தென்காசிக் கோபுரம் வகுத்த தச்சர் எக்குணத்தர்?

(தென்காசியில் நடைபெற்ற நம் சங்கத்து ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று இவ்வவையில் உரையாற்றுமாறு எம்மைப் பணித்த காரியதரிசி அவர்கள், பேசும் பொருளை எம் விருப்பத்திற்கே விடுத்தனர். விடுத்த பின்னர், "நம் குலத்திற்குப் பெருமை தருவதாக இருந்தால் நலம்" என்று ஒரு வாக்கியத்தையும் சேர்த்துக்கொண்டனர். அவ்வாக்கியத்தின் பொருட்டு யாம் நான்கு நாள் தூக்கம் கெட்டோம். எமக்கு வாய்த்த பொருளோ, பெருமை தருவதா, பெருமையைச் சற்றே குறைப்பதா என்று எமக்கே ஐயமாயிருந்தது. கேட்டு முடிந்தபின் நீங்களே தீர்ப்புக் கூறுங்கள்.

பொருள் எமக்கு வந்த வழியை முதலிற் கூறுகின்றோம். யாம் தமிழாசிரியராக இருக்கும் பள்ளியில், பத்தாம் வகுப்பு மாணாக்கர் சிலர் உணவு வேளையில் கைப்பேசி ஒன்றைச் சூழ்ந்திருந்தனர். அதில் வினாக்கள் பல வரும். அவற்றிற்கு விடையளித்தால், "நீ இன்ன வகை மனிதன்" என்று அது கூறும். மக்கள் எல்லாரையும் 16 வகைக்குள் அடக்கியிருக்கின்றனராம். ஒரு மாணாக்கன் எழுந்து, "ஐயா! நம் ஊர்க் கோபுரத்தைக் கட்டினவர் இந்தப் பதினாறில் எந்த வகை ஐயா?" என்று கேட்டான். பிள்ளைகள் நகைத்தனர். எமக்கு நகை வரவில்லை. அவன் நம் குலத்துப் பிள்ளை. அவன் தந்தையார் இன்றும் கல்லுளி பிடிப்பவர்.

இஃது ஒருபுறம். மற்றொருபுறம், இன்று மாலை நம் சபைமுன் வரவிருக்கும் தீர்மானத்தை நீங்கள் அறிவீர்கள். புதிதாக எழுப்பிய நம் மண்டபத்தின் முகப்பில், தென்காசிக் கோபுரத்தை வகுத்த ஸ்தபதியின் உருவத்தைக் கல்லில் அமைத்து, அதன்கீழ் ஒரு பெயரும், "ஞானமும் தவமும் நிறைந்தவர், அரசர்க்கும் அஞ்சாதவர்" என்ற தொடரும் பொறிக்கவேண்டும் என்பது அது. அப்பெயர் எங்கிருந்து வந்தது என்று யாம் வினவினோம். "ஒரு பெயர் வேண்டும் அல்லவா, அதனால் வைத்தோம்" என்று விடை வந்தது. கொண்டுவந்தவர்கள் நல்லெண்ணம் உடையவர்கள். அதில் எமக்கு ஐயமில்லை. ஆயினும் மாணாக்கன் வினாவும் இத்தீர்மானமும் வேறல்ல. கட்டடத்தைக் கண்டு, கட்டியவனுடைய குணத்தை உய்த்துணர இயலுமா என்பதே இரண்டினும் அடங்கிய கேள்வி.

குணவகை கூறுதல் நமக்குப் புதிதன்று. சாத்துவிகம், இராசதம், தாமதம் என்று முக்குணம் வகுத்தனர் முன்னோர். வாதம், பித்தம், கபம் என்று நாடி பார்த்து, உடம்போடு இயல்பையும் வைத்தியர் உரைப்பர். மேனாட்டில், சுவிட்சர்லாந்து தேசத்துக் கார்ல் யுங் என்னும் மனநூற் புலவர் 1921-இல் வெளியிட்ட நூலில், உள்முகமாகச் செல்லும் மனத்தினர், வெளிமுகமாகச் செல்லும் மனத்தினர் எனப் பகுத்தார். அதனை அடியாகக் கொண்டு, அமெரிக்காவில் கேத்தரின் பிரிக்ஸ் என்ற தாயும், இசபெல் மையர்ஸ் என்ற மகளும் அமைத்தவையே நம் பிள்ளைகள் விளையாடும் இப்பதினாறு வகைகள்.

இவ்வாராய்ச்சியைக் கட்டடம் வகுப்போர்மேல் நடத்தியவரும் உளர். 1958, 1959-ஆம் ஆண்டுகளில், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி நகரத்தில், டொனால்டு மெக்கின்னன் என்பவர் அந்நாட்டுச் சிறந்த கட்டடச் சிற்பியர் 40 பேரை வரவழைத்து, தங்க வைத்து, உண்ண வைத்து, வினாவிடைகளால் ஆராய்ந்தார். லூயி கான் போன்ற பெரும் பெயரினரும் அவருள் இருந்தனர். கண் கண்டதைக் காட்டிலும் உள்ளத்தில் தோன்றும் உய்த்துணர்வை நம்புவோராகவே அவர்கள் அனைவரும் இருந்தனர் என்றும், உள்முக மனத்தினரே அவருள் மிகுதி என்றும் கண்டார். கேட்பதற்கு இனிதே. ஆயின், அந்த 40 பேரும் உயிரோடிருந்தார்கள். தம் வாயால் விடை கூறினார்கள். அவ்வாறு தாமே கூறியும், அத்தகைய சோதனையைச் சில கிழமை கழித்து மறுபடியும் செய்தால், பலர் வேறு வகையில் விழுகின்றனர் என்று மனநூலார் குறை கூறுகின்றனர். உயிருள்ளவன் நிலையே இது. 560 ஆண்டுகளுக்கு முன் உளி பிடித்தவன் யாரிடத்தில் விடை கூறுவான்? கல்லிடத்திலே கேட்கவேண்டியிருக்கின்றது.

கல்லும் மரமும் கூறும் என்பது எம் தந்தையார் கொள்கை. அவர் மரத்தச்சர். யாம் இழைப்புளியை விடுத்து இலக்கணத்தைப் பற்றியதில் அவருக்கு மகிழ்ச்சியும் வருத்தமும் ஒருங்கே உண்டு. எந்த வீட்டிற்குச் சென்றாலும், அமருமுன் கதவின் பொருத்தை விரலால் தடவிப் பார்ப்பார். "பொருத்தைப் பார்த்தால் ஆளைத் தெரியும்" என்பார். இவன் பொறுமையுள்ளவன், இவன் கூலிக்கு மாரடித்தவன், இவன் கோபக்காரன் என்று கூறிக்கொண்டே வருவார். சிறுவயதில் யாம் அதனை வேதவாக்காகக் கொண்டோம்.

குற்றாலத்தை அடுத்த ஓர் இல்லத்தில் ஒருநாள் அவ்வாறே கதவைத் தடவி, "இதைச் செய்தவன் அவசரக்காரன், முன்கோபி, அளவைக் குறித்தபின் மறுமுறை பார்க்காதவன்" என்றார். பலகைகள் தம்முள் விலகி, நிலையோடு சேராது, ஒரு மூலை தூக்கி நின்றது அக்கதவு. வீட்டுடையவர் முதியவர், அவர் நகைத்து, "அப்படி அன்று. செய்தவர் பசுவைப்போன்ற சாது. ஆனி மாதத்துச் சாரலில் மரம் நனைந்து ஊறிக் கிடந்தது. உலரட்டும் என்று அவர் மன்றாடினார். எம் பெண் கலியாணம் ஆவணியில் என்று நாங்களே நெருக்கினோம். கண் கலங்கிக்கொண்டே பூட்டிவிட்டுப் போனார்" என்றார். எம் தந்தையார் நெடுநேரம் வாய் திறக்கவில்லை. வீடு திரும்பும் வழியில், "அவருடைய கைக்குற்றம் என்று எண்ணிவிட்டேனே, அது மழையின் குற்றம்" என்று மட்டும் கூறினார். அதற்குப் பிறகும் கதவுகளைத் தடவினார். ஆனால் ஆளைப் பற்றிக் கூறுவது குறைந்தது.

அன்பர்காள்! கோபுரத்தை அணுகுமுன் இக்கதவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, கோபுரத்திற்கு வருவோம். மதுரையை இழந்து தெற்கும் மேற்குமாக ஒதுங்கிய பாண்டியர், இத்தென்காசியை இருக்கையாகக் கொண்டு ஆண்ட காலம் அது. அரிகேசரி பராக்கிரம பாண்டியன் 1422-இல் முடிசூடியவன். காசிக்குச் சென்று வழிபட இயலாதவர்க்காகத் தெற்கே ஒரு காசி வேண்டும் என்று இறைவன் கனவில் உரைத்தான் என்றும், எறும்பின் ஒழுங்கைப் பின்பற்றிச் சென்று செண்பக வனத்தில் இலிங்கத்தைக் கண்டான் என்றும் ஊரார் கூறும் கதையை நீங்கள் யாவரும் அறிவீர்கள். 1446-ஐ ஒட்டிய ஆண்டுகளில் விசுவநாதர் கோயில் எழுந்தது. 1457-இல் கோபுரத்தின் பணி தொடங்கிற்று. 1463-இல் அரசன் காலமானான். கோபுரத்தை அவனுக்குப் பின்வந்த குலசேகர பாண்டியன் முற்றுவித்தான்.

இவ்வரசன் குணத்தை அறிவதற்கு நமக்குச் சான்று உண்டு. அதுவும் அவன் வாய்மொழியாகவே கல்லில் உண்டு. கோயிலில் பொறித்த தமிழ்ப் பாடல்களை வாசித்தவர் அறிவர். மற்றையரசர் கல்வெட்டுக்கள் எங்ஙனம் தொடங்கும்? பூமகளும் பொருமகளும் புணர, வென்ற நாடுகளையும் கொண்ட யானைகளையும் அடுக்கி, இத்தருமத்தை அழித்தவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்திற் போவான் என்று சாபத்தில் முடியும். பராக்கிரமன் சாபமிடவில்லை. இக்கோயிலுக்கு வரத்தகாத ஒரு குற்றம் பின்னாளில் வருமாயின், எவராயினும் சரி, அங்கு வந்து அதனை நீக்கிக் காப்பவரை, உலகம் அறிய யான் இப்போதே பணிந்தேன் என்கின்றான். மனத்தாலும் வகுக்க முடியாத இக்கோயிலை வகுப்பதற்குத் தன்முன் நின்று தன்னைப் பணிகொண்டவன் இறைவனே என்று மற்றொரு பாட்டிற் கூறி, இதனைக் காப்போர் பாதங்களுக்கு அங்கும் வணங்குகின்றான்.

எண்ணிப் பாருங்கள். முடிசூடிய மன்னன், இன்னும் பிறவாத ஒருவன் காலில் விழுகின்றான். அவன் எந்நாட்டினனோ, எக்குலத்தினனோ, எம்மதத்தினனோ, அதனைக் கேட்கவில்லை. "எவராயினும்" என்கின்றான். மதுரையை இழந்த குடியிற் பிறந்தவனாதலின், கட்டினவை அழியும் என்பது அவனுக்கு ஏட்டறிவன்று; வீட்டறிவு. தன் மரபின் வாள் எந்நாளும் இக்கோயிலைக் காவாது என்பதை உணர்ந்திருந்தான். கவலையுடையவன், கவலையைச் சினமாக்காமல் வணக்கமாக்கத் தெரிந்தவன். இவ்வளவும் அவன் சொல்லிலிருந்தே பெறப்படுகின்றது, நாம் கற்பிக்கவில்லை. அவன் இறந்தபோது பாடிய இரங்கற்பாட்டும் கல்லிலே உண்டு. அறுபத்து மூவர் கூட்டத்திற் சேர்ந்தானோ, மதுரை வெள்ளியம்பலத்திற் புகுந்தானோ, தில்லைப் பொன்னம்பலத்திற் புகுந்தானோ, விசுவநாதன் அடியிலேயே அடங்கினானோ என்று புலவர் தேடுகின்றார். கூலிக்குப் பாடிய பாட்டாக அது ஒலிக்கவில்லை என்பது எம் கருத்து. இவ்வழியில் வந்த அதிவீரராமன் நைடதமும் வெற்றிவேற்கையும் பாடினான். தமிழ் இக்குடியினர்க்குப் புகழ்பாடும் கருவி மட்டும் அன்று.

அரசனைக் கண்டோம். தச்சர் எங்கே? யாம் கூறிய இப்பாடல்களில் இறைவன் இருக்கின்றான், அரசன் இருக்கின்றான், பின்வருவோர் இருக்கின்றனர். முழக்கோல் பிடித்தவர் இல்லை.

இதனால் மனம் வருந்துவோர்க்கு ஒன்று கூறுவோம்: தமிழ்நாட்டில் நம்மவர் பெயர் எங்கும் மறைந்துவிடவில்லை. தஞ்சைப் பெரியகோயிலில், அதனை எடுத்த இராசராசன் தன் பட்டத்துப் பெயரையே அளித்த வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் பெயர் கல்லில் இருக்கின்றது. மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் ஒரு பாறையில் கேவாத பெருந்தச்சன், குணமல்லன், சாதமுக்கியன் முதலியோர் பெயர்களைக் காணலாம். அரசர் எவரும் பொறிப்பித்ததாகத் தோன்றவில்லை, வேலை செய்த இடத்தின் பக்கத்தில் தாமே வெட்டிக்கொண்டார்கள் போலும். சிதம்பரத்து வடக்குக் கோபுரத்தில் விருத்தாசலத்துச் சேவகப்பெருமாள், அவர் மகன் விசுவமுத்து முதலிய சிற்பாசாரியர் பெயரோடு உருவமும் நிற்கின்றது. பெயர் கிடைக்கும் இடத்தில் பெயரைக் கொண்டாடுவோம். ஆயினும், குஞ்சரமல்லன் என்ற பெயரை வைத்துக்கொண்டு அவர் சாந்தமானவரா, சினமுள்ளவரா என்று கூற இயலுமா? இயலாது. பெயர் வேறு, குணம் வேறு.

குணமும் தெரிந்த சிற்பியர் உலகில் இலரோ எனின், உளர். இத்தாலி தேசத்துப் புளோரன்ஸ் நகரில் பெரிய தேவாலயத்தின்மேல், கீழிருந்து தாங்கும் மரச்சாரம் இன்றியே மாபெருங் கும்மட்டத்தை 1420 முதல் 1436 வரை எழுப்பிய பிலிப்போ புருனலெஸ்கி, நம் கோயில் தொடங்கிய காலத்தையொட்டி 1446-இல் இறந்தவர். ஏறத்தாழ நம் தச்சர்க்குச் சமகாலத்தவர். தன் உபாயத்தை எவர்க்கும் எளிதில் வெளிவிடாத மறைப்பும், தம்மோடு பங்காளியாக வைத்த மற்றொருவருக்கு வேலை தெரியாது என்பதைக் காட்ட நோயென்று படுத்துக்கொண்ட குறும்பும் அவர்க்கு உண்டு என்று வசாரி என்பவர் எழுதிவைத்தார். எழுதியது நூறாண்டு கழித்து, 1550-இல். கதை சுவையானது, எவ்வளவு மெய் என்பது வேறு. ஆயினும், அங்கே எழுதிவைக்க ஒருவர் முன்வந்தார். இங்கே எழுதுகோலும் உளியும் ஒருவர் கையில் இருந்ததில்லை.

அன்றியும், "தச்சர்" என்று ஒருமையிற் கூறுவதே பிழையாகலாம். மயமதம் முதலிய சிற்பநூல்கள் கட்டடத் தொழிலாளரை நால்வராகப் பகுக்கின்றன. எல்லாம் அறிந்து ஏவுபவர் ஸ்தபதி. நூலும் கோலும் பிடித்து அளப்பவர் சூத்திரகிராகி. கல்லையும் மரத்தையும் பிளந்து செதுக்குபவர் தக்ஷகர். அவற்றை இசைத்து உயர்த்துபவர் வர்த்தகி. ஸ்தபதிக்கு நூல் கூறும் இலக்கணம் பெரிது: கணிதம் வல்லவன், பொய்யும் பொறாமையும் இல்லாதவன், கருணையுள்ளவன், உடற்குறை இல்லாதவன் என்றெல்லாம் விரியும். தீர்மானத்தில் கண்ட "ஞானமும் தவமும் நிறைந்தவர்" என்ற தொடர் இங்கிருந்து வந்தது என்பதை யாம் உணர்கின்றோம். ஆனால் அஃது எப்படி இருக்கவேண்டும் என்ற விதி; எப்படி இருந்தார் என்ற செய்தியன்று. நல்லாசிரியர் இலக்கணம் நன்னூலில் இருக்கின்றது. அதனைக்கொண்டு எம் குணத்தை எழுத எவரேனும் முற்பட்டால், எம் மாணாக்கர் ஒப்பார்.

சரி, கல்லிடம் கேட்போம். கேட்டவுடன் நம்மூரார் எல்லாரும் சுட்டுவது காற்றை. கிழக்குக் கோபுர வாயிலில் நாம் புகும்போது, மேற்கே பொதிகைத் தொடரின் கணவாய் வழியாகவும் குற்றாலச் சாரலோடும் வரும் காற்று நம்மை எதிர்த்து வீசும். வாயிலைக் கடந்து உள்ளே சென்றதும், அதே காற்று முதுகுப்புறத்திலிருந்து நம்மைச் சந்நிதியை நோக்கித் தள்ளும் என்பர். முன்னே தடுத்துப் பின்னே அழைக்கும் இவ்வித்தையை ஸ்தபதி கணித்து வைத்தார், ஆதலின் அவர் வாயுவின் இயலை அறிந்த ஞானி என்பது வழக்கு.

யாம் ஆனி மாதத்து ஒரு முற்பகலில், அந்த மாணாக்கனையும் அழைத்துக்கொண்டு சென்று, தோளில் இருந்த துண்டை நீட்டிப் பிடித்துப் பார்த்தோம். வாயிலின் நடுவில் துண்டு கிழக்கே பறந்தது. கையை விட்டுப் போய்விடும் போலிருந்தது. உள்ளே சென்று கோபுரத்தின் மேற்கு முகத்தை ஒட்டிச் சில அடி நகர்ந்தவுடன், துண்டு மேற்கே சாய்ந்தது. ஊரார் கூற்று மெய்யே.

ஆனால் காரணம்? உயர்ந்து அகன்ற சுவரின்மேல் காற்று மோதினால், அதில் ஒரு பகுதி மேலேறிப் போகும். ஒரு பகுதி சுவரை ஒட்டிக் கீழே இறங்கி, தரையைத் தொட்டு, வந்த வழியே சிறிது தூரம் திரும்பிச் சுருளும். நடுவே ஒரு துளை இருந்தால், அதன் வழியே நெருங்கிப் பீறிக்கொண்டு ஓடும். நகரங்களில் மாடிக்கட்டடங்களின் அடியில் இக்காலத்துப் பொறியியலார் இதனை அளந்து காட்டுகின்றனர். எனவே, இக்கணவாயின் எதிரே எவர் ஒருவர் ஓங்கிய கோபுரத்தை வாயிலோடு எழுப்பினாலும் காற்று இவ்வாறுதான் ஆடும். ஸ்தபதி விரும்பி அமைத்தாரா, அமைத்தபின் கண்டு வியந்தாரா என்பதைக் காற்று கூறவில்லை. எம் தந்தையார் கண்ட கதவை நினையுங்கள். அங்கே மழையின் குற்றத்தைத் தச்சர்மேல் ஏற்றினோம். இங்கே காற்றின் பெருமையைத் தச்சர்மேல் ஏற்றுகின்றோம். பழியானாலும் புகழானாலும் பிழை ஒன்றே.

இக்கருத்தைக் கேட்ட மாணாக்கன் முகம் வாடிற்று. "அப்படியானால் அவருக்கு ஒன்றுமே தெரியாதா ஐயா?" என்றான். தெரியும் அப்பா, நிரம்பத் தெரியும். அவ்வளவு காற்றை எதிர்த்து நிற்கும் இடத்தில் கோபுரத்தை நிறுத்தியிருக்கின்றார் அன்றோ? கருங்கல்லைக் கீழே அகல இருத்தி, மேலே போகப் போகக் குறுக்கி, சுமையைக் குறைத்துக் கட்டியிருக்கின்றார். காற்றைக்கொண்டு வித்தை காட்டினார் என்பதினும், காற்றுக்கு அஞ்சிக் கால் ஊன்றினார் என்பது உறுதியாகச் சொல்லத்தக்கது. அஞ்சுவது அஞ்சாமை பேதைமை என்பது வள்ளுவர் கருத்துமாகும்.

குற்றாலத்தை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இங்கிருந்து மூன்று நான்கு கல் தொலைவுதான். அங்கே குற்றாலநாதர் கோயில் சங்கின் வடிவாக மலையடியில் ஒடுங்கிக் கிடக்கின்றது. சற்றுத் தள்ளிக் குளத்தருகே நிற்கும் சித்திர சபை, ஐந்து சபைகளுள் ஒன்று, செப்புத் தகடு வேய்ந்து, மலைநாட்டு வீடுகளைப்போல் சரிந்திறங்கிய கூரை, உள்ளே மரவேலை, சுவர் முழுதும் வண்ண ஓவியம். பெய்யும் மழையை நிறுத்தாமல் வழியவிடும் கட்டடம் அது. இங்கே தென்காசியில் காற்றை எதிர்த்து நிமிர்ந்து நிற்கும் கோபுரம். இவ்விரண்டையும் மட்டும் கண்ட ஒருவன், "அவர் பணிவுடையவர், இவர் செருக்குடையவர்" என்று எளிதில் எழுதிவிடுவான். நம்முள் தொழில் செய்வோர்க்குத் தெரியும்: மழையுள்ள இடத்தில் கூரையைச் சரிப்பதும், கோபுரம் கேட்டவர்க்குக் கோபுரம் எடுப்பதும் குணத்தால் அல்ல. அவ்விரண்டையும் ஒரே மனிதரே செய்திருந்தாலும் வியப்பில்லை.

திருவோலக்க மண்டபத்தில், தூணோடு தூணாக ஒரே கல்லில் ஓங்கி நிற்கும் வீரபத்திரர், இரதி, மன்மதன், தாண்டவ மூர்த்தி, தமிழணங்கு முதலிய உருவங்களைக் கண்டும் சிலர் சிற்பியின் உள்ளத்தை அளப்பர். அவை மிக அரியன. நகமும் நரம்பும் எழுந்து தோன்றுவன. ஆனால் அவற்றைக் கோபுரம் வகுத்த கையோடு இணைப்பதற்கு ஆதாரம் வேண்டும். வீரபத்திரரின் சினம் வீரபத்திரருடையது, செதுக்கினவருடையது அன்று.

அங்ஙனமாயின் ஒன்றுமே கூறலாகாதா? ஒன்று கூறலாம் என்று யாம் துணிகின்றோம். அதுவும் ஊகம் என்றே கூறுவோம்.

1457-இல் தொடங்கிய பணிக்கு ஆறாண்டில் அரசன் இறந்தான். பணமளித்தவன் போனபின், கோபுரங்கள் பல பாதியில் நின்றதை நம் நாடெங்கும் காண்கின்றோம். மதுரையில் இராயகோபுரம் அடித்தளத்தோடு இன்றும் நிற்கின்றது. தென்காசியில் நின்றுவிடவில்லை, மற்றோர் அரசன் காலத்தில், பெரும்பாலும் மற்றொரு தலைமுறைத் தச்சர் கையால், முடிந்தது. முதலில் வகுத்தவர் தம் கணக்கைத் தம் நெஞ்சிலேயே பூட்டி வைத்திருந்தால், இது நிகழுமா? கீழ்நிலையின் அளவைக் கொண்டே மேல்நிலையின் அளவை இன்னொருவர் அறியுமாறு ஒழுங்காக வைத்துச் சென்றிருக்கவேண்டும். அல்லது, பக்கத்திலிருந்த இளையவனுக்கு வாயாற் கூறியிருக்கவேண்டும். புளோரன்ஸ் நகரத்தார் மறைத்தார் என்பது கதை. நம்மவர் மறைக்கவில்லை என்பது கட்டடம். பிறர் முடிக்கக்கூடிய வேலையைச் செய்தவர் என்ற அளவில் அவர் குணத்தை ஏற்றுக்கொள்வோம்.

மூன்றாம் முறையாகவும் அது பிறர் கைக்கு வந்தது. மேல்நிலைகள் சிதைந்து வீழ்ந்து, பிளந்த அடிப்பகுதி மட்டும் நெடுங்காலம் "மொட்டைக் கோபுரம்" என்னும் பெயரோடு நின்றதை முதியோர் அறிவீர்கள். யாமும் சிறுவயதில் எம் தந்தையார் தோளிலிருந்து அதனைக் கண்டதுண்டு. பிளவில் ஆலங்கன்று முளைத்திருந்தது என்பது எம் நினைவு. பின்னர்ச் சாரம் கட்டினார்கள். பள்ளி விட்டதும் ஓடிச்சென்று, சாரத்தின்மேல் எறும்புபோல் ஏறுவோரை எண்ணிக்கொண்டிருப்போம். 1990-இல், ஒன்பது நிலையும் ஏறத்தாழ 178 அடி உயரமும் உடையதாக நிறைவுற்றுக் குடமுழுக்கு நடந்தது. பழைய கல்லின்மேலேயே புதிய நிலைகள் எழுந்தன. பராக்கிரமன் முன்கூட்டியே வணங்கிய அந்த "எவராயினும்" யார் என்று கேட்டால், பொருள் தந்தோர் முதல் சாந்து சுமந்த பெண்கள் வரை அவருள் அடங்குவர். அவ்வரிசையில் ஏறி நின்ற எம் குலத்தார் சிலர் இவ்வவையிலேயே நரைத்த தலையோடு அமர்ந்திருக்கின்றனர். அவர்களை யாம் பெயர் கூறி அழைக்கவில்லை; எழுந்து நின்றால் சபை தானே அறியும்.

தீர்மானத்தைப் பற்றி எம் கருத்தைக் கேட்டீர்கள். உருவம் வைப்பதை யாம் தடுக்கவில்லை. முழக்கோலும் நூலும் ஏந்திய ஒரு தச்சர் உருவம் நம் மண்டபத்திற்கு அழகே. முகத்தைத் தெளிவாகச் செதுக்கவேண்டா. குனிந்து கல்லை அளப்பவராக அமைத்தால், முகம் தானே மறையும். ஆனால், ஆக்கிய பெயரை நீக்கிவிடுங்கள். "அரசர்க்கும் அஞ்சாதவர்" என்ற தொடரையும் நீக்கிவிடுங்கள். நாளை நம் பேரப்பிள்ளைகள் அப்பெயரைக் கல்வெட்டுச் சான்று என்று எண்ணித் தேர்வில் எழுதுவார்கள். திருத்தவேண்டிய ஆசிரியர் யாமாக இருந்தால், குலப்பற்று ஒருபுறமும் சிவப்பு மை ஒருபுறமுமாக என் செய்வோம்? "தென்காசிக் கோபுரம் வகுத்த தச்சர்" என்று மட்டும் பொறித்தல் போதும். அதன்கீழ் ஒரு சாண் இடத்தை வெறுமையாக விட்டுவைக்கவேண்டும் என்பதும் எம் வேண்டுகோள். எங்கேனும் ஒரு கல் புரண்டு, மெய்ப்பெயர் ஒருநாள் வெளிப்பட்டால், வெட்டுவதற்கு இடம் வேண்டும்.

மாணாக்கனுக்கு யாம் இன்னும் விடை கூறவில்லை. பதினாறில் எது என்று அவன் மறுபடியும் கேட்டான். "கோபுரத்தை அளந்து வா, எந்த நிலை எவ்வளவு குறுகுகின்றது என்று கணக்கிட்டுக் காட்டு, பிறகு பேசுவோம்" என்றோம். உயரத்தை நிழலால் அளக்கும் முறையை அவன் கணக்காசிரியர் கற்பித்திருக்கின்றார். இரண்டு ஞாயிறு சென்று வந்து, மூன்று நிலைவரை கணக்குக் கொண்டுவந்திருக்கின்றான். ஓரிடத்தில் எமக்கு ஐயம் இருப்பதால், நாளை விடியற்காலையில் அவனோடு மறுபடியும் செல்கின்றோம். வர விரும்புவோர் ஆறு மணிக்குக் கிழக்கு வாயிலில் கூடுக. இது சாரற் காலம் ஆதலின், துண்டை இறுகப் பிடித்துக்கொண்டு வருக.